25 சதவீதம் கரைந்த கதை

நான்கு ராலே எண்களுக்கு நான்கு கோடுகள் இருக்க வேண்டிய வரைபடத்தில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. மற்ற மூன்றும் அதன் அடியில் ஒளிந்திருந்தன. ராலே எண் என்பது, சூட்டால் திரவம் எவ்வளவு வலுவாக ஓடும் என்பதற்கான அளவு. தண்ணீரில் அலுமினா நுண்துகளைக் கலந்தால் வெப்பப் பரிமாற்றம் எவ்வளவு கூடும் என்று காட்டும் படம் அது. கன அளவில் 4 சதவீதத் துகள் சேர்த்தால் வெப்பம் 25 சதவீதம் கூடுதலாகக் கடக்கிறது என்றது.

"எல்லா ராலே எண்ணுக்கும் இதே 25-தானா அம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாம் சார். 24-லிருந்து 26-க்குள் வருகிறது. அதனால்தான் கோடுகள் ஒன்றாகத் தெரிகின்றன" என்றார் மாணவி. அதை ஒரு நல்ல குணமாகவே நினைத்திருந்தார்.

எனக்கு அங்கேதான் இடித்தது. நாங்கள் எடுத்துக்கொண்டது மிகவும் பழைய கணக்கு. ஒரு சதுர டப்பா. இடது சுவர் சூடு, வலது சுவர் குளிர்ச்சி, மேலும் கீழும் வெப்பம் புகாத மூடி. சூடான சுவரையொட்டித் திரவம் மேலேறும், குளிர்ந்த சுவரையொட்டி இறங்கும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். ராலே எண் 1000 என்றால் திரவம் சோம்பேறித்தனமாக அசையும். வெப்பம் பெரும்பாலும் கடத்தலால்தான் போகும். 10 லட்சம் என்றால் சுவர் ஓரத்தில் மெல்லிய படலமாக ஓட்டம் பாயும். முதல் நிலையில் பாகுநிலைக்கு (திரவத்தின் கெட்டித்தன்மைக்கு) வேலை குறைவு, இரண்டாவதில் அதுதான் கடிவாளம். துகள் சேர்த்தால் கடத்துதிறன் கூடுவதுபோல் பாகுநிலையும் கூடும். அப்படியிருக்க, இரண்டு நிலைகளிலும் ஒரே லாபம் எப்படி வரும்? பாகுநிலை இந்த நிரலின் கணக்கிலேயே இல்லை என்றால்தான் வரும்.

நிரலைத் திறந்தோம். ஏறக்குறைய 600 வரி, பழைய ஃபோர்ட்ரான் 77. மூன்று தலைமுறை மாணவர்களின் கைமாறி வந்தது. முதலில் எழுதியவர் யார் என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை. பைத்தானில் புதிதாக எழுதிவிடலாமா என்று மாணவி கேட்டார். வேண்டாம் என்றேன். புதிதாக எழுதினால் புதிய பிழைகள் வரும், பழைய 25 எங்கிருந்து வந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாமல் போய்விடும். தவிர, நிரலின் எலும்புக்கூடு சரியாகவே இருந்தது. அழுத்தத்தைத் தவிர்ப்பதற்காக ஓட்டச் சார்பும் (ஓட்டத்தின் பாதையைக் காட்டுவது) சுழிப்பும் (திரவம் சுழலும் அளவு) வைத்து எழுதிய சமன்பாடுகள், 81க்கு 81 கட்டம், சுவரில் சுழிப்புக்குத் தாம் என்பவரின் சூத்திரம், ஓட்டச் சார்புக்கு மீத்தளர்வு முறை, அதாவது விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தி நெருங்கும் வழி. ஒவ்வொரு திருத்தத்தையும் எவ்வளவு பெருக்குவது என்ற தளர்வெண்ணை 1.92 என்று வைத்திருந்தார்கள். இந்தக் கட்டத்துக்குக் கோட்பாடு தரும் சிறந்த மதிப்பும் அதுதான். எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கெடுத்தவர்கள் பிறகு வந்தவர்கள்.

முதல் வேலையாகத் துகளை எடுத்துவிட்டோம். செறிவு சுழியம், காற்றுக்கான பிராண்டல் எண் (பாகுநிலைக்கும் வெப்பம் பரவுவதற்கும் உள்ள விகிதம்) 0.71. இந்தச் சதுர டப்பாவுக்கு ஆஸ்திரேலியாவின் டி வால் டேவிஸ் 1983-இல் வெளியிட்ட விடைகள் உரைகல் மாதிரி. ராலே எண் 1000, 10 ஆயிரம், 1 லட்சம், 10 லட்சம் என்று போனால் சராசரி நஸ்ஸெல்ட் எண் முறையே 1.118, 2.243, 4.519, 8.800 வரவேண்டும். நஸ்ஸெல்ட் எண் என்பது, திரவம் அசையாமல் வெறுமனே கடத்தினால் போகும் வெப்பத்தைப்போல் எத்தனை மடங்கு போகிறது என்ற கணக்கு.

1 லட்சத்துக்கு எங்கள் நிரல் 4.83 என்றது. பழைய நிரல் இடது சுவரில் மட்டும்தான் அளந்தது. வலது சுவரையும் அளக்க நான்கு வரி சேர்த்தேன். அங்கே 4.29.

மேலும் கீழும் வெப்பம் புகாத டப்பாவில் எதுவும் மேற்கொண்டு மாறாத நிலை வந்துவிட்டால், இடப்பக்கம் நுழைந்த வெப்பம் முழுவதும் வலப்பக்கம் வெளியேறியே ஆகவேண்டும். வரவும் செலவும் ஒட்டவில்லையென்றால் கணக்கு இன்னும் முடியவில்லை. நிரல் ஏன் முன்கூட்டியே நின்றது? அடுத்தடுத்த இரண்டு காலப்படிகளில் வெப்பநிலை மாற்றம் 0.0001-க்குக் கீழே போனால் நிறுத்து என்று எழுதியிருந்தது. தண்ணீருக்கு இந்தக் கட்டத்தில் காலப்படி 0.000006-ஐத் தாண்டினால் கணக்கு வெடித்துவிடும். அதனால் படியைப் பொடிப்பொடியாக வைத்திருந்தார்கள். அவ்வளவு சிறிய படியில் எதுதான் பெரிதாக மாறும்? ஆமை நின்றுவிட்டது என்று முடிவுகட்டியதுபோல்தான். மாற்றத்தைக் காலப்படியால் வகுத்து வேகமாகப் பார்க்கவேண்டும். அப்படி மாற்றி, இரு சுவர்களும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போனால்தான் நிற்கவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை வைத்தேன்.

இப்போது 41 கட்டத்தில் 4.63, 81 கட்டத்தில் 4.548. இரண்டாம் வரிசைத் துல்லியம் என்பதால் கட்டத்தைப் பாதியாக்கினால் பிழை கால்வாசியாகும். அதை வைத்து, கட்டம் முடிவில்லாமல் நுணுகினால் என்ன வரும் என்று நீட்டினால் 4.521. டி வால் டேவிஸின் 4.519-க்கு இது போதும். எலும்புக்கூடு நல்லது என்று நான் சொன்னதும் நிரூபணமாயிற்று. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்து அலுமினாவைத் திரும்பப் போட்டோம். 24-க்கும் 26-க்கும் நடுவிலான ஊசலாட்டம் நின்று, எல்லா ராலே எண்ணுக்கும் 25.3 என்று கல்போல் உட்கார்ந்தது. 1.253. இந்த எண்ணை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்தேன்: 1.119.

4 சதவீத அலுமினாவுக்கு மேக்ஸ்வெல் சூத்திரம் தரும் கடத்துதிறன் விகிதம் அதேதான். தண்ணீர் 0.613, அலுமினா 40 என்று போட்டால் கலவை 0.686, விகிதம் 1.119. ஆக எங்கோ கடத்துதிறன் இரண்டு முறை பெருக்கப்படுகிறது என்று அறிவிக்கப்போனேன். மாணவி தடுத்தார். "சார், அடர்த்தி விகிதமும் 1.119-தான்."

பார்த்தேன். தண்ணீர் 997, அலுமினா 3970, கலவை 1116. வகுத்தால் 1.119. நான்காம் தசமத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. இது இயற்பியல் எதுவுமில்லை, வெறும் தற்செயல். ஆனால் பிழை தேடும்போது இப்படி ஒரு தற்செயல் அமைந்தால் அரை நாள் போய்விடும். துகளை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனையும் அவருடையதே. செம்பு போட்டோம். செம்பின் அடர்த்தி 8933, கடத்துதிறன் 401. அடர்த்தி விகிதம் 1.318-க்குத் தாவிவிடும், கடத்துதிறன் விகிதமோ 1.124-தான். விடை 26.4 சதவீதம் என்று வந்தது. 1.124-இன் வர்க்கம். திருடன் கடத்துதிறன்தான்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும். செம்பு அலுமினாவைவிடப் பத்து மடங்கு நன்றாகக் கடத்துகிறது. கலவையில் கிடைத்ததோ 11.9-க்குப் பதில் 12.4. வைரத்தையே பொடித்துப் போட்டாலும் 4 சதவீதத்தில் மேக்ஸ்வெல் 12.5-க்கு மேல் தரமாட்டார். துகள் எவ்வளவு சிறந்ததானாலும் ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறதே. வெப்பம் அதைக் கடந்துதான் போகவேண்டும். 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஸ்டீபன் சோய் 'நானோஃப்ளூயிட்' என்ற பெயரை வைத்த பிறகு, மேக்ஸ்வெல்லை மிஞ்சும் அதிசய எண்கள் பல வெளிவந்தன. 2009-இல் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளைப் பகிர்ந்து அளந்து பார்த்தன. அதிசயம் எதுவும் தென்படவில்லை. மேக்ஸ்வெல் வழிவந்த பழைய கோட்பாடே போதுமாக இருந்தது. மேக்ஸ்வெல் அதை எழுதியது 1873-இல்.

இரட்டைப் பெருக்கலைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. சுவரில் வெப்பச் சரிவைக் கணக்கிடும் இடத்தில் ஒருவர் கடத்துதிறன் விகிதத்தால் பெருக்கியிருக்கிறார். பிறகு வந்த இன்னொருவர், அது விட்டுப்போயிற்று என்று நினைத்து, விடையை அச்சிடும் இடத்தில் மறுபடி பெருக்கியிருக்கிறார். இருவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஒன்றை நீக்கியதும் 25.3 இறங்கி 11.9 ஆனது.

ஆனால் இன்னும் ஒரே கோடுதான்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரிகளில் தேடிக்கொண்டிருந்தேன், பிழை வரிகளில் இல்லை, உள்ளீட்டுக் கோப்பில் இருந்தது. ராலே எண் 1 லட்சம் என்று கொடுக்கிறோம். சுத்தத் தண்ணீருக்கும் 1 லட்சம், கலவைக்கும் 1 லட்சம். ராலே எண்ணுக்குள்ளேயே பாகுநிலையும் கடத்துதிறனும் அடங்கியிருக்கின்றன. துகள் சேர்த்துத் திரவம் கெட்டியானால் அந்த எண் தானாகக் குறையவேண்டும். அதைக் குறையவிடாமல் பிடித்து வைத்தால், இரண்டாவது டப்பாவை ரகசியமாகப் பெரிதாக்கியோ அதிகம் சூடாக்கியோ ஒப்பிடுகிறோம் என்று அர்த்தம். பாரம் ஏற்றிய வண்டியும் வெறும் வண்டியும் ஒரே வேகத்தில் வந்து சேர்ந்தன என்று சொல்லிவிட்டு, பாரவண்டியில் கூடுதலாக ஒரு ஜோடி மாடு பூட்டியதை மறைப்பதுபோல.

குழாய் ஓட்டத்தில் ரெனால்ட்ஸ் எண்ணை (ஓட்டத்தின் வேகத்தைப் பாகுநிலையோடு ஒப்பிடும் எண்) சமமாக வைத்து ஒப்பிடுவதும் இதே வித்தைதான். 1998-இல் பாக், சோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள்: ரெனால்ட்ஸ் எண்ணைச் சமமாக வைத்தால் வெப்பப் பரிமாற்றம் கூடுவதாகத் தெரிந்தது, சராசரி வேகத்தைச் சமமாக வைத்தால் 3 சதவீதக் கலவை சுத்தத் தண்ணீரைவிட 12 சதவீதம் குறைவு. இருந்தும் அதன் பிறகு வந்த கட்டுரைகளில் எத்தனை பேர் எந்த எண்ணைச் சமமாக வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தால் தலைசுற்றும்.

டப்பாவையும் வெப்பநிலை வேறுபாட்டையும் நிலையாக வைத்தோம். 11 மில்லிமீட்டர் பக்கம், 5 டிகிரி வேறுபாடு. தண்ணீருக்கு ராலே எண் 1 லட்சத்தை ஒட்டி வரும். துகள் சேர்த்ததும் நிரலே புதிய ராலே எண்ணைக் கணக்கிடும்படி மாற்றினோம். 84 ஆயிரம் என்றது. லாபம் 6.4 சதவீதமாகச் சுருங்கியது. கோடுகளும் பிரிந்தன! ராலே எண் 1000-க்கான கோடு மேலே, மற்றவை கீழே. மாணவிக்கு 25 போன வருத்தம் முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்தப் பிரிந்த கோடுகளைப் பார்க்க அவ்வளவு நிம்மதி.

தன்வெப்பத்தில் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) இருந்த பிழையை, அட்டவணையைக் கையால் சரிபார்த்தபோது மாணவியே பிடித்தார். தண்ணீரின் தன்வெப்பம் 4179, அலுமினாவின் தன்வெப்பம் 765. 96 பங்கு, 4 பங்கு என்று நேராகச் சராசரி எடுத்து 4042 என்று வைத்திருந்தார்கள். பாக், சோ கட்டுரையிலும் இந்த எளிய சராசரிதான் இருக்கிறது, அங்கிருந்து பரவியிருக்கவேண்டும். தன்வெப்பமோ ஒரு கிலோவுக்கான அளவு; 4 சதவீதமோ கன அளவில் சொன்னது. படியில் அளந்துவிட்டுக் கிலோ விலையால் பெருக்கினால் கடைக்காரர் சும்மா விடுவாரா? கன அளவில் 4 என்பது எடையில் 14. அடர்த்தியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 3693 வருகிறது. ஏறக்குறைய ஒன்பதரை சதவீத வித்தியாசம். திருத்தியதும் ராலே எண் 77 ஆயிரத்துக்கு இறங்கியது, லாபம் 3.5 ஆயிற்று.

இனி மிஞ்சியது பாகுநிலை. அதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. இதுவரை பார்த்ததெல்லாம் பிழைகள். சரி தவறு என்று சொல்லிவிடலாம். பாகுநிலையில் அப்படிச் சொல்ல முடியாது.

நிரலில் இருந்தது பிரிங்க்மன் 1952-இல் கொடுத்த சூத்திரம். 1906-இல் ஐன்ஸ்டைன் தொடங்கிவைத்ததன் நீட்சி. (அதில் துகள் செறிவைப் பெருக்கும் கெழுவாக ஐன்ஸ்டைன் முதலில் போட்டது 1. பரிசோதனையோடு ஒத்துவராததால், கணக்கை மறுபடி சரிபார்க்கச் சொல்லி 1911-இல் 2.5 என்று திருத்தினார். மாணவர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன்.) 4 சதவீதத்துக்கு பிரிங்க்மன் தரும் விகிதம் 1.107. இந்தச் சூத்திரத்துக்குத் துகள் உருண்டையா, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. நுண்துகள்கள் கொத்துச் சேராமல் இருப்பது அபூர்வம். கொத்து தன்னோடு தண்ணீரையும் சிறைப்பிடித்துக்கொள்வதால், உள்ளதைவிட அதிகத் துகள் இருப்பதுபோல் திரவம் கெட்டியாகிவிடும்.

அலுமினா கலந்த தண்ணீரை உண்மையிலேயே அளந்த எண்களுக்கு மைகாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வளைகோட்டைப் பொருத்தியிருக்கிறார்கள்: 1 + 7.3 × செறிவு + 123 × செறிவின் வர்க்கம். 4 சதவீதத்துக்கு அது 1.489 தருகிறது. பிரிங்க்மனின் 1.107 இருந்த வரியில் இதை எழுதி ஓட்டினோம். வேறு எதையும் தொடவில்லை.

விடை: 5 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. லாபமே இல்லை, நஷ்டம்.

இதில் எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 2003-இல் கனாஃபெர், வஃபாய், லைட்ஸ்டோன் மூவரும் இதே மாதிரி டப்பாவுக்குக் கணினியில் கணக்கிட்டு, துகள் சேர்க்கச் சேர்க்க வெப்பப் பரிமாற்றம் கூடுகிறது என்றார்கள். அதே 2003-இல் புத்ரா, ரோட்ஸெல், சென்னை ஐ.ஐ.டி.யின் சரித் குமார் தாஸ் மூவரும் அலுமினாவையும் காப்பர் ஆக்ஸைடையும் தண்ணீரில் கலந்து, உருளையில் ஊற்றிச் சூடாக்கி அளந்து, குறைகிறது என்றார்கள். 2008-இல் ஹோ குழுவினர், நாங்கள் செய்ததைப்போலவே இரண்டு பாகுநிலைச் சூத்திரங்களை மாற்றி மாற்றிப் போட்டு, விடை எந்தப் பக்கமும் சாயும் என்று காட்டினார்கள். அதைப் படித்தேதான் இருந்தேன். படித்தது வேறு, நம் கண்ணெதிரே ஒரு வரியில் கூட்டல் கழித்தலாக மாறுவது வேறு.

"அப்படியென்றால் எதை ஆய்வேட்டில் எழுதுவது சார்?"

பதில் சொல்வதற்குப் பதிலாக நிரலை வேறு விதமாக ஓட்டச் சொன்னேன். பாகுநிலை விகிதத்தை 1.1-லிருந்து 1.5 வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, லாபம் எங்கே சுழியமாகிறது என்று பாருங்கள் என்றேன். 1.24-க்குப் பக்கத்தில் கோடு அச்சை வெட்டியது. இந்த டப்பாவில், இந்த ராலே எண்ணில், 4 சதவீத அலுமினாவுக்கு அதுதான் எல்லை. திரவம் அதற்குமேல் கெட்டியாக இருந்தால் வெறும் தண்ணீரே மேல்.

எல்லை தெரிந்துவிட்டால் அளந்து பார்த்துவிடலாமே. வேதியியல் துறையில் ஆஸ்வால்ட் பாகுமானி இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் பயன்படுத்தும் அந்த வளைந்த கண்ணாடிக் குழாய்தான். அங்கிருந்த ஆய்வக உதவியாளர் அண்ணன், "இயந்திரவியல்காரர்கள் உடைத்துவிடுவீர்கள்" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். எங்கள் அலமாரியில் பழைய அலுமினா நுண்பொடி ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது. 100 மில்லி கலவைக்கு 15.9 கிராம் பொடி, 96 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர். பார்த்தால் நீர்த்த பால்போல் இருந்தது. கொத்துகளை உடைக்க மீயொலித் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தோம். மேசையில் வைத்துத் திரும்புவதற்குள் குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு வரி படியத் தொடங்கியது. நிரலில் நாங்கள் எழுதியிருப்பதோ எங்கும் ஒரே சீரான திரவம்! மறுபடி தொட்டியில் வைத்து, எடுத்த கையோடு ஊற்றினோம்.

சுத்தத் தண்ணீர் இரண்டு கோடுகளுக்கு நடுவே இறங்க 90 விநாடி எடுத்துக்கொண்டது. பாகுநிலை விகிதம் என்பது நேர விகிதத்தை அடர்த்தி விகிதத்தால் பெருக்கியது. அந்த 1.119 இங்கே மறுபடி வந்து நின்றதும் இருவரும் சிரித்துவிட்டோம். எல்லை 1.24 என்றால் கலவைக்கு 100 விநாடி. அதற்குள் இறங்கிவிட்டால் லாபம்.

மாணவியின் கைப்பேசியில் நிறுத்துகடிகாரம் ஓடியது. நூறு தாண்டியும் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் வெள்ளைத் திரவம் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் முறை 109. கழுவி, மறுபடி ஊற்றியபோது 112. விகிதம் 1.36-லிருந்து 1.39, பிரிங்க்மனுக்கும் மைகாவுக்கும் நடுவில், எல்லைக்கு அப்பால். அந்த மதிப்பை நிரலில் போட்டால் சுமார் 3 சதவீதக் குறைவு வருகிறது. பொடியின் வயதும் கொத்துகளும் இதில் எவ்வளவு என்பதைப் பிரிக்க, அமிலத்தன்மையை மாற்றி இன்னும் சில மாதிரிகள் செய்யவேண்டும்.

மூன்றாம் முறை அளக்க முடியவில்லை. நுண்குழாயில் பாதி வழியில் திரவம் அப்படியே நின்றுவிட்டது; வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வெள்ளை அடைப்பு. நீர்த்த அமிலத்தை மெல்ல உறிஞ்சி உறிஞ்சி அதைக் கலைத்து எடுக்க மாலை ஐந்தரை ஆகிவிட்டது. உதவியாளர் அண்ணன் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றிருந்தார்.